கதவைத் திறந்த எண்பத்துமூன்று

"அந்தக் கதவுக்குள்ள ஓடுத புரோகிராமைக் காட்டுங்க சார்."

ரீபா கேட்டேவிட்டாள். கேட்கக் கூடாது என்று காலையில்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். "எதை வேணும்னாலும் கேளு தாயி, அவுங்க கம்ப்யூட்டரை மட்டும் காட்டச் சொல்லிராத. போன வருசம் ஒருத்தர் கேட்டாரு. சாயங்காலமே மகன் கையில டி.சி.யைக் குடுத்து அனுப்பிட்டாங்க." கல்லிடைக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் ரீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு இசக்கியின் அம்மா உலகம்மாள் சொன்னது. ரீபாவும் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவது வேறு, கேட்டு நடப்பது வேறு.

முதல்வர் தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பாளையங்கோட்டைக்கு வெளியே, நான்குவழிச் சாலை ஓரம், பதினெட்டு ஏக்கரில் அவருடைய பொறியியல் கல்லூரி. அங்கே அவரிடம் 'காட்டுங்க' என்று யாரும் சொன்னதில்லை. 'காட்ட முடியுமா சார்' என்றுகூடச் சொன்னதில்லை.

"நீங்க இந்தப் பிள்ளைக்கு யாரு?"

"காப்பாளர். அவ அம்மா கையெழுத்துப் போட்ட கடிதம் உங்க முன்னால இருக்கு. எனக்குத் தொழில் துப்பறியுறது. கார்டு அதுக்குக் கீழ இருக்கு."

"இவரு?"

ரீபாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அகமது மீரான் வசதியாகச் சாய்ந்திருந்தான். எட்டு வருடம் துபாயில் பூட்டும் காமிராவும் மாட்டிவிட்டு ஊர் திரும்பியவன். ரீபாவின் அலுவலகத்தில் இருக்கிற ஒரே உதவியாளன், அங்கே இருக்கிற ஒரே ஆம்பிளை, அங்கே இருக்கிற ஒரே சோம்பேறி.

"அகமது மீரான். பிள்ளைக்குப் பெரியப்பா சார்," என்றான்.

"இசக்கிக்குப் பெரியப்பா அகமது மீரானா? எந்த வழியில வே?"

"ஆத்து வழியில. அவ கல்லிடைக்குறிச்சி, நமக்குக் காயல்பட்டினம். மேல அவுங்க குளிச்ச தண்ணிதான கீழ எங்களுக்கு வருது."

மூலையில் நின்ற ஆய்வக விரிவுரையாளர் ஹெப்ரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல்வர் திரும்பிப் பார்த்ததும் அதை விழுங்கினார். கதவுப் பக்கம் நின்ற இசக்கி சிரிக்கவில்லை. முதலாம் ஆண்டு, பதினெட்டு வயது. அவள் கண் மேசைமேல் இருந்த ஒரு தாளை விட்டு நகரவில்லை. மன்னிப்புக் கடிதம். யாரோ டைப் செய்து வைத்திருந்தார்கள், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

விஷயம் இவ்வளவுதான். புதன்கிழமை செய்முறைத் தேர்வு. கேள்வித்தாள் செவ்வாய் மதியம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வகக் கணினிக்கு வந்தது. புதன் காலையில் அது மாணவர்களின் போனுக்குப் போயிருந்தது. ஆய்வகக் கதவு ஒரு மின்பூட்டுக் கதவு. வெளியே இருக்கும் விசைப்பலகையில் மாணவர் எண்ணை அடித்தால்தான் திறக்கும். அடித்த எண்ணும் நேரமும் பதிவாகும். செவ்வாய் மாலை ஐந்து மணிக்குமேல் அந்தக் கதவு ஒரே ஒரு முறைதான் திறந்தது. மாலை 6.52. எண் 83.

எண் 0083 இசக்கி.

அவள் அன்று நாலேமுக்கால் பஸ்ஸில் ஊருக்குப் போய், ஆறரையிலிருந்து வழக்கம்போல அம்மாவோடு அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பளக் கம்பெனி அம்மா வந்து சாட்சி சொல்லத் தயாராக இருந்தார். "அப்பளம் தேய்க்கிற எடத்துல சிசிடிவி இருக்கா?" என்று முதல்வர் கேட்டாராம். நாலு மணிக்கு விசாரணைக் குழு. கையெழுத்துப் போட்டால் ஒரு வருடம் தேர்வுத் தடை. போடாவிட்டால் டி.சி.

இப்போது மணி மூன்று.

"புரோகிராம் கல்லூரிச் சொத்து," என்றார் தில்லைநாயகம். "ஹெப்ரான் சார் சொந்தமா எழுதினது. விருது வாங்கியிருக்கோம். கண்டவங்களுக்கும் தொறந்து காட்ட முடியாது. கதவுப் பதிவு வேணும்னா முழு வருசத்துக்கும் பிரிண்ட் எடுத்துத் தாரோம். நாப்பது பக்கம் வரும். உக்காந்து படிங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

"சொல்லாது சார். சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். சொன்னவரு என்ன சொன்னாருங்கிறதுதான் என் கேள்வி."

"நாலு மணிக்குப் பாப்போம்," என்றார் அவர். கண்ணாடி மூக்குக்கு ஏறியது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

கேண்டீனில் கூட்டம் இல்லை. மீரான் மூன்று டீயும் ஒரு தட்டு வடையும் வாங்கி வந்து வைத்தான். ரீபா டீயைத் தொடவில்லை. நாற்பது பக்கத்தையும் மேசைமேல் பரப்பியிருந்தாள்.

"டீச்சரு, கோவத்துல தாளைக் கிழிச்சுராதீக. நமக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான்."

துப்பறிய வருமுன் ரீபா சமாதானபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் இரண்டு வருடம் சி மொழி சொல்லிக்கொடுத்தாள். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மீரானுக்கு அவள் டீச்சர்தான். அவளுக்கு அவன் காக்கா. காயல்பட்டினத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஏட்டி இசக்கி," என்றாள் ரீபா தலையைத் தூக்காமல். "அந்தக் கதவு உனக்கு எப்படித் தொறக்கும்?"

"எப்படின்னா?"

"எண்ணை அடிச்ச உடனே தொறக்குமா?"

இசக்கி கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு மட்டும் ஒரு தடவை கீச்சுன்னு கத்திட்டுத்தான்க்கா தொறக்கும். 'தவறான எண்'ணுன்னு செவப்பா எழுத்து வரும். வந்த உடனே பச்சையாயிரும். மத்த பிள்ளைங்களுக்கு அப்படிக் கத்தாது. சிரிப்பாங்க. நம்ம எண்ணுன்னா கதவுக்குக்கூட இளக்காரந்தான்னு நெனச்சுக்கிடுவேன்."

"நீ என்ன அடிப்ப? எண்பத்துமூணா?"

"பூஜ்யம் பூஜ்யம் எட்டு மூணு. நாலு இலக்கமும் அடிக்கணும்னு கதவுல எழுதிப் போட்டிருக்காங்கல்லா?"

"மத்தவங்களும் நாலும் அடிக்காங்களா?"

"எங்க? முன்னால உள்ள பூஜ்யத்தை யாரும் அடிக்க மாட்டாங்க. சோம்பல். எழுதிப் போட்டபடி செய்யுதது நான் ஒருத்திதான்."

ரீபா இப்போதுதான் டீயை எடுத்தாள். ஒரே மடக்கில் பாதியைக் குடித்தாள்.

"காக்கா, இங்க பாருங்க. இவ வந்த நாளெல்லாம் பதிவுல ஒரு வரி இல்ல, ரெண்டு வரி இருக்கு. முதல்ல வெறும் பூஜ்யம். அடுத்த வரியில எண்பத்துமூணு. நேரம் ரெண்டுக்கும் ஒண்ணு. ஒரு நாள் தப்பல."

மீரான் குனிந்து பார்த்தான். "பூஜ்யம் முன்னால வந்து வழிவிடச் சொல்லுது, பின்னால இசக்கி வாரா. அமைச்சர் கார் மாதிரி."

"செவ்வாக்கிழமை 6.52-ஐப் பாருங்க."

பார்த்தான். 83. அதற்குமேல் பூஜ்யம் இல்லை. கீழேயும் இல்லை.

"சரி டீச்சரு. ஆனா அந்த முதல்வரு என்ன சொல்லுவாரு? அன்னிக்கு மட்டும் பிள்ளை சோம்பல்பட்டு வெறும் எண்பத்துமூணுன்னு அடிச்சுட்டாம்பாரு."

"சொல்லுவாரு. அதுக்குத்தான் மீதிப் பக்கம்." ரீபா தாள்களைப் புரட்டினாள். "இந்த ஒத்தை எண்பத்துமூணு செவ்வாக்கிழமை மட்டும் வரல. தினமும் வருது. காலையில 8.41, 8.40, 8.42. அன்னன்னிக்கு முதல் வரியே அதுதான். இசக்கி, ஜனவரியில நீ எங்க இருந்த?"

"அம்மை போட்டுப் படுத்திருந்தேன்க்கா. பத்து நாளு. லீவு லெட்டர் குடுத்திருக்கேன்."

"அந்தப் பத்து நாளும் காலையில எட்டே முக்காலுக்கு எண்பத்துமூணு வந்து கதவைத் தொறந்திருக்கு."

இசக்கி கையிலிருந்த வடையை மெல்லத் தட்டில் வைத்தாள்.

"அல்லாவே," என்றான் மீரான். "அப்போ அது யாரு?"

ரீபா ஒரு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் 0123 என்று எழுதினாள்.

"சி மொழிக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணுக்கு முன்னால பூஜ்யம் இருந்தா, அதைப் பத்து விரல்காரன் மாதிரி எண்ணாது. எட்டு விரல்காரன் மாதிரி எண்ணும். நமக்கு ஒண்ணு, பத்து, நூறு. அவனுக்கு ஒண்ணு, எட்டு, அறுபத்துநாலு. இப்போ இதை அவன் கணக்குல படிங்க."

மீரான் விரல் விட்டான். "ஒரு அறுபத்துநாலு. ரெண்டு எட்டு பதினாறு. ஒரு மூணு..." நிறுத்தினான். "எண்பத்துமூணு."

"ஆமா."

"அப்போ நம்ம பிள்ளை பூஜ்யம் போட்டு எண்பத்துமூணு அடிச்சா என்ன ஆவும்?"

"எட்டு விரல்காரனுக்குப் பூஜ்யத்துலேருந்து ஏழு வரைக்குந்தான் தெரியும். எட்டுங்கிற இலக்கத்தை அவன் பாத்ததே இல்ல. ரெண்டு பூஜ்யத்தைப் படிக்கான், எட்டைப் பாத்து அப்படியே நிக்கான். படிச்ச வரைக்கும் பூஜ்யம். அந்த எண்ணுல மாணவரே கிடையாது, அதான் கதவு கத்துது. மிச்சம் கெடக்குத எண்பத்துமூணை அடுத்த எண்ணா எடுத்துக்கிடுதான். அதுக்கு முன்னால பூஜ்யம் இல்லல்லா? அதனால பத்து விரல் கணக்கு. கதவு தொறக்குது."

"இவ்வளவு கூத்தும் எதுக்கு?"

"ஒத்த எழுத்து காக்கா. எண்ணை வாங்குத எடத்துல 'டி'ன்னு போட்டா எப்பவும் பத்து விரல் கணக்குத்தான். 'ஐ'ன்னு போட்டா, முன்னால பூஜ்யம் இருக்கான்னு பாத்து முடிவு பண்ணும். ரெண்டும் ஒண்ணுதான்னு பாதிப் பேரு சொல்லிக்குடுக்காங்க. அதைவிடப் பெரிய தப்பு வேற இருக்கு. இவளோட எண்ணை எண்ணா வாங்குனதே தப்பு. எண்ணுன்னா கூட்டணும், கழிக்கணும், பெருக்கணும். மாணவர் எண்ணைக் கூட்டி யாருக்கு என்ன ஆவப்போவுது?"

"ரெண்டு இசக்கியைக் கூட்டினா நூத்தி அறுபத்தாறுன்னு ஒரு பிள்ளை வருமோ?"

"அதான் சொல்லுதேன். அது பார்வைக்குத்தான் எண்ணு. வேலைக்கு அது பேரு. பேரை எழுத்தாத்தான் வாங்கி வைக்கணும். அப்போ முன்னால நிக்கிற பூஜ்யமும் ஒரு எழுத்து, அதுக்கும் மரியாதை உண்டு. முதல் வாரமே நடத்துத பாடம் இது. எதை எண்ணா வைக்கணும், எதை எழுத்தா வைக்கணும்னு. விருது வாங்குனவரு அந்த வாரம் லீவு போல."

மீரான் தாளைத் தன் பக்கம் இழுத்தான். "சரி, ஆளு மாட்டிக்கிட்டான். நூத்தி இருபத்துமூணாம் எண்ணு யாரு?"

"டார்லின்," என்றாள் இசக்கி உடனே. "ஆனா அவ இங்கன இல்ல மாமா. ஆகஸ்டுலயே டி.சி. வாங்கிட்டு நர்சிங் சேந்துட்டா. சாத்தான்குளத்துக்காரி. அந்த எண்ணை அதுக்கப்புறம் யாருக்கும் குடுக்கல. கம்ப்யூட்டர்லேருந்து எடுக்கவும் இல்ல."



"போச்சு," என்றான் மீரான். "சாத்தான்குளத்துல ஊசி போட்டுக்கிட்டு இருக்கிற பிள்ளை தினமும் எட்டு நாப்பத்தொண்ணுக்கு இங்க வந்து கதவைத் தொறக்கா. இது துப்பறியுற கேஸ் இல்ல டீச்சரு, மந்திரிக்கிற கேஸ்."

ரீபா அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒன்று வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சண்டைக்குப் போகிறவளின் சந்தோஷம்.

"காக்கா, உம்ம கையில ஒரு மைக்கைக் குடுத்தா முதல்ல என்ன சொல்லுவீரு?"

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ."

"எழும்புங்க," என்றாள் ரீபா.

*

ஆய்வகக் கதவுக்கு முன்னால் மணி மூன்றே முக்கால். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து நிமிடம்தான் என்று சொல்லித்தான் வந்தார். பதிவு விழும் திரையைச் சுவரிலேயே மாட்டியிருந்தார்கள், விருதுக்கு வந்தவர்கள் பார்ப்பதற்காக. இசக்கியை ஆறடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தாள் ரீபா.

"நான் தொடுததுக்கு முன்னால கதவு சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்திருங்க ஹெப்ரான் சார். பெறகு நான் கெடுத்துட்டேன்னு சொல்லக் கூடாது பாருங்க."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்."

"பாத்திருங்க. உங்களுக்கும் நல்லது."

ஹெப்ரான் முன்னால் வந்தார். விசைப்பலகையைப் பார்க்கக்கூட இல்லை. முதல்வரைப் பார்த்துக்கொண்டே, தலையைச் சொறிவது போல, எண்ணுக்கு நாலு தட்டு, உள்ளிட ஐந்தாவதாக ஒரு தட்டு. கதவு கத்தவில்லை. பச்சை விளக்கு எரிந்து திறந்தது.

"திரையில கடைசி வரியை வாசிங்க சார்," என்றாள் ரீபா முதல்வரிடம்.

தில்லைநாயகம் கண்ணாடியைச் சரிசெய்தார். "மூணு நாப்பத்தாறு..." என்றவர் மேலே வாசிக்கவில்லை.

"எண்ணு?"

 மீரான் எட்டிப் பார்த்து வாசித்தான். "எண்பத்துமூணு. பிள்ளைக்கு ரெண்டு கைதான் சார். ரெண்டும் இந்தா இங்கன கட்டித்தான் இருக்கு."

ஹெப்ரான் திரையைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"நான்... நூத்தி இருபத்துமூணுல்ல அடிச்சேன்," என்றார்.

"முன்னால ஒரு பூஜ்யம் போட்டு," என்றாள் ரீபா. "தினமும் காலையில கதவு வேலை செய்யுதான்னு பாக்க நீங்க அடிக்கிற எண்ணு. ஆள் இல்லாத எண்ணு, யாருக்கும் தொந்தரவு இல்லன்னு நெனச்சிருப்பீங்க. செவ்வாக்கிழமை 6.52-க்கும் அதையேதான் அடிச்சீங்க. பதிவுல டி.சி. வாங்கிட்டுப் போன பிள்ளை பேருதான் விழும்னு நெனச்சீங்க. விழுந்தது இவ பேரு."

அவர் மறுக்கவில்லை. அதுதான் ரீபாவுக்கு முதலில் உறைத்தது. மாட்டிக்கொண்டவன் முதலில் இல்லை என்பான், அப்புறம் ஏதாவது கதை சொல்லுவான். ஹெப்ரான் முதல்வரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஹெப்ரான், நீங்க ரூமுக்குப் போங்க," என்றார் தில்லைநாயகம்.

"போறேன் சார். எண்பத்துமூணு எப்படி வந்துதுன்னு எனக்கு இந்த நிமிசம் வரைக்கும் தெரியாது. அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "புதன் காலையில பதிவைத் தொறந்து பாத்தேன். என் எண்ணு இல்ல, இந்தப் பிள்ளை எண்ணு இருந்துது. என் நல்ல நேரம்னு வாயை மூடிக்கிட்டேன். ஆனா சார், உள்ள போயி அந்தத் தாளை எடுக்கச் சொன்னது நான் இல்லல்லா. மேனேஜ்மென்ட் கோட்டா வகுப்புல ஒருத்தன் பெயிலானாலும் என் வேலையை நிரந்தரமாக்க முடியாதுன்னு திங்கக்கிழமை கூப்பிட்டுச் சொன்னது யாரு?"

 தூரத்தில் ஒரு வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேர் பேராகக் கேட்டது.

தில்லைநாயகம் மூச்சை இழுத்துவிட்டார். பேசியபோது குரலில் கோபமே இல்லை. பழகிய ஆள்.

"சரிம்மா. நடந்தது நடந்துட்டு. பிள்ளை மேல தப்பு இல்ல. நாலு மணி விசாரணையை ரத்து பண்ணுதேன். அறிவிப்புப் பலகையில போடுதேன். கடைசி வருசம் வேலைக்கு ஆள் எடுக்க வரும்போது முதல் பேரு இவ பேருதான். அந்த நாப்பது பக்கத்தை மட்டும் குடுத்துருங்க. வெளிய போச்சுன்னா தேர்வையே ரத்து பண்ணிருவாங்க. இருநூத்தி நாப்பது பிள்ளைங்களும் மறுபடி எழுதணும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரீபாவும் இப்படி ஒரு நடையில் நின்றிருக்கிறாள். விடைத்தாளைத் திரும்பக் காட்டச் சொன்னதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம். 'உங்க வீட்டுல முதல் பட்டம்மா, கெடுத்துக்காத' என்று அன்பாகத்தான் சொன்னார்கள். போட்டாள். பட்டம் வந்தது. சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் கண் நிறையும், அவளுக்குக் கை கூசும்.

ஆனால் இது அவள் எண் இல்லை. அவள் திரும்பினாள்.

"இசக்கி. சார் சொன்னதைக் கேட்டல்லா? உன் பேரு, உன் படிப்பு. நீ சொல்லு."

இசக்கி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "இருநூத்தி நாப்பது பேரும் திரும்ப எழுதணும்னா, நானும் எழுதணுமாக்கா?"

"ஆமா."

"எழுதுதேன். எனக்குப் பாடம் தெரியும். தெரியாதவங்கதான பயப்படணும்?"

மீரான் பையை எடுத்து ரீபாவிடம் நீட்டினான்.  

"சின்னப் பிள்ளை, ஏதோ பேசுது," என்றார் முதல்வர். "நீங்க படிச்சவங்க. வாங்க, ரூம்ல உக்காந்து பேசுவோம். நாலு மணி ஆவட்டும். காப்பி சாப்பிடுங்க."

ரீபா நாற்பது பக்கத்தையும் எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தாள். சுவர்த்திரையை மீரான் எப்போதோ போனில் படமெடுத்து முடித்திருந்தான்.

"பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவை அஞ்சரைக்குப் பூட்டிருவாங்க சார். இங்க உக்காந்தா பஸ் போயிரும்."

"யோசிச்சுச் செய்யும்மா. இது பெரிய எடம்."

"யோசிச்சாச்சு."

நடையில் இரண்டு எட்டு வைத்தவள், சுவரோரம் நின்ற ஹெப்ரானுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். அவர் இன்னும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் வாரீங்களா சார்? திங்கக்கிழமை கூப்பிட்டுச் சொன்னது யாருன்னு அங்கனயும் கேப்பாங்க."

கேட்டுவிட்டு, அவர் நிமிர்வதற்குள் அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். இசக்கி அவளுக்கும் முன்னால் போயிருந்தாள்.